வெள்ளை உடுப்பின் சாதி: செவிலியர் படிப்பு குறித்து ஒரு வரலாற்றுப் பதிவு

செவிலியர் படிப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு விளக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கை விளக்கேந்திய காரிகை. நம்முடைய பள்ளிப் பாடப் புத்தகத்திலும் அவர்தான் இருந்தார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. இந்திய மருத்துவமனைகளில் செவிலியர் முறை எப்படி அமையவேண்டும் என்று 1865இல் லண்டனிலிருந்தபடியே ஆலோசனை எழுதினார். 1860இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளிதான் உலகம் முழுக்க மாதிரி ஆனது. இதையெல்லாம் யாரும் மறுக்கப்போவதில்லை. நான் கேட்பது வேறு. அந்த மாதிரியைக் கொண்டுவந்து இந்த மண்ணில் இறக்கியபோது, வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொள்ள முன்வந்த பெண்கள் யார்? எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள்? நான் புரட்டிப் பார்த்த நூற்றாண்டு விழா மலர்களில் டாக்டரம்மாக்களின் படம் இருக்கிறது, வெள்ளைக்கார மேட்ரன்களின் படம் இருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் மூன்று வரிசையாக நிற்கும் பெண்களுக்குக் கீழே ‘மாணவிகள்’ என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது.

விளக்கைப் பற்றி அவ்வளவு பேசுகிறவர்கள் 1897 புனே பிளேக்கைப் பற்றிப் பேசமாட்டார்கள். சாவித்திரிபாய் புலே, தன் மகன் யஷ்வந்த் நடத்திய மருத்துவ முகாமுக்கு, நோய் கண்ட ஒரு மகர் சிறுவனைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அந்த நோய் அவரையும் தொற்றிக்கொண்டது. 1897 மார்ச் 10இல் இறந்துபோனார். தொடக்கூடாத உடம்பு என்று ஊர் ஒதுக்கிவைத்த ஒரு பிள்ளையின் உடம்பைத் தொட்டுத் தூக்கியதை நம் செவிலியர் கல்லூரிகள் எதுவும் தங்கள் வரலாற்றின் முதல் பக்கமாக வைத்துக்கொள்ளவில்லை.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். சொற்களைக் கிளறிப் பார்க்கிற பழக்கம் அங்கே வந்தது. ‘நர்ஸ்’ என்பதற்கு நாம் இன்று வைத்திருக்கும் அரசாங்கத் தமிழ்ச் சொல் ‘செவிலியர்’. சங்க அகப்பாடல்களில் வரும் செவிலித்தாயிடமிருந்து எடுத்தது. தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. செவிலியின் மகள்தான் தோழி என்கிறது தொல்காப்பியம். வகுப்பில் இதைப் பாடம் நடத்தியபோது, “ஐயா, தலைவிக்குப் பால் கொடுத்தவள் தன் மகளுக்கு எப்போது பால் கொடுத்தாள்?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார். ஈழத்தில் இன்றும் ‘தாதி’ என்கிறார்கள். தாதிக்கு ஏவற்பெண், அடிமைப்பெண் என்றும் நம் அகராதிகளில் பொருள் உண்டு. இன்னொரு சொல் ‘ஊழியம்’. திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட சாதியார் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலைக்கு அதுதான் பெயர். அதே சொல்லைத்தான் திருச்சபை தன் இறைப்பணிக்கு எடுத்துக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் முதல் நர்சான என் அத்தை, “நான் முப்பத்தஞ்சு வருஷம் ஊழியம் செஞ்சேன்” என்றுதான் சொல்லும். எந்த ஊழியத்தைச் சொல்கிறது என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தேகமாகவே இருக்கும்.

வேலையை முதலில் பார்ப்போம். பிரசவம் பார்ப்பதும் கொடி அறுப்பதும் இரத்தம் துடைப்பதும் இங்கே எப்போதும் சாதி வேலையாகத்தான் இருந்தன. வடக்கே சமார் பெண்கள் தாய்களாக இருந்தார்கள். தமிழ் ஊர்களில் நாவிதர் சமூகத்துப் பெண்கள் மருத்துவச்சிகளாக இருந்தார்கள். சேரியில் பிரசவம் பார்க்கச் சேரிக் கிழவிகளே இருந்தார்கள். பிள்ளை பிறந்த வீட்டில் தீட்டு; பிள்ளையை எடுத்தவளுக்கு நிரந்தரத் தீட்டு. அவளிடம் அனுபவ அறிவு இருந்தது. கூலியாக நெல்லும் பழந்துணியும் கிடைத்தது. மரியாதை மட்டும் கிடைக்கவில்லை.

சென்னை எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி 1844இல் வந்தது. 1854இல் அரசாங்கம் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இந்தியாவின் முதல் செவிலியர் பள்ளி அதுதான் என்று எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. அந்தப் பயிற்சிகளுக்கு முதலில் வந்தவர்கள் ஐரோப்பியப் பெண்களும் யுரேஷியப் பெண்களும்தான். அடுத்து வந்தவர்கள் சுதேசிக் கிறித்தவப் பெண்கள். சாதி இந்துப் பெண்கள் வரவில்லை. வரமாட்டார்கள். அந்நிய ஆணின் உடம்பைத் தொடவேண்டும், இரவில் வேலை செய்யவேண்டும், யார் மலம் என்று பார்க்காமல் அள்ளவேண்டும். சாதியைக் காப்பாற்றுவதற்காகவே பெண்ணை வீட்டுக்குள் பூட்டிவைத்த சமூகம் இதற்கு எப்படி அனுப்பும்?

1885இல் சென்னையில் மேரி ஷார்லீப் அம்மையார் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை தொடங்கினார். இன்று திருவல்லிக்கேணி கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனை என்று நாம் அறிவது அதைத்தான். அதன் பழைய பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கவேண்டும்: விக்டோரியா சாதி மற்றும் கோஷா மருத்துவமனை. கோஷா என்றால் திரைக்குள் இருக்கும் முஸ்லிம் பெண்கள். சாதி என்றால் ‘சாதியுள்ள’ பெண்கள், அதாவது சாதி இந்துக்கள். பொது ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வரமாட்டார்கள், பிரசவத்தில் செத்தாலும் சாவார்கள், அதனால் அவர்களுக்கென்று தனியாக ஒன்று. ஷார்லீப் அம்மையாரின் மனிதநேயத்தை நான் குறை சொல்லவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்து படித்த முதல் பெண்களில் ஒருவர் அவர். ஆனால் அரசாங்கமும் ஜமீன்தார்களும் பணம் போட்டுக் கட்டிய ஒரு மருத்துவமனையின் வாசலிலேயே யார் பெண், யார் பெண் இல்லை என்று எழுதி வைத்திருந்ததை வரலாறு எழுதுகிறவர்கள் ‘அக்காலச் சூழல்’ என்று ஒரு வார்த்தையில் தாண்டிப்போகிறார்கள். சென்னைச் சனங்கள் இன்றும் அதை ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறார்கள். ‘சாதி’ என்ற சொல் மட்டும் நாக்கிலிருந்து நழுவிவிட்டது.

வேலூர்க் கதை எல்லோருக்கும் தெரிந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஐடா ஸ்கடரின் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் உயர்சாதி இந்து. பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியரை ஆண் டாக்டர் தொடக்கூடாது என்றார்கள். ஐடாவோ டாக்டர் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் அவரை அமெரிக்காவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பியது. திரும்பி வந்து 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. 1909இல் செவிலியர் பள்ளி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. கண்ணீர் வரவைக்கும் கதைதான். நான் சிறுபிள்ளையாக ஞாயிறு பள்ளியில் கேட்டு அழுதிருக்கிறேன். பெரியவளான பிறகு ஒன்று உறைத்தது. கதவைத் தட்டுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது. அதே இரவில் திண்டிவனத்துச் சேரிகளிலும் பெண்கள் பிரசவ வேதனையில் இருந்திருப்பார்கள். அவர்களுடைய புருஷன்மார் மிஷன் பங்களாவின் கதவை அர்த்தராத்திரியில் தட்டும் நிலையில் இருந்தார்களா?

ஆனால் மிஷன் பங்களாவின் பின்வாசல் சேரிக்குத் திறந்திருந்தது. இதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 1876-78 தாதுவருஷப் பஞ்சத்துக்குப் பிறகு தமிழ், தெலுங்கு மாவட்டங்களில் கூட்டங்கூட்டமாக மதம் மாறினார்கள். 1878இல் ஓங்கோலில் ஆயிரக்கணக்கான மாதிகர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றி டிரமென்ஹீர் அறிக்கை கொடுத்தது 1891இல். பஞ்சமர் கல்விக்காக அரசாணை வந்தது 1893இல். அரசாணை வருவதற்கு முன்பே மிஷன் போர்டிங் பள்ளிகள் இருந்தன. அங்கே சேர்ந்த நம் பெண்பிள்ளைகளுக்கு எட்டாவது முடித்ததும் மூன்றே வழிகள்: டீச்சர், பைபிள் வுமன், நர்ஸ். யாரும் தொட விரும்பாத வேலைக்கு, யாரும் தொட விரும்பாத சனத்திலிருந்து ஆள் எடுத்தார்கள். சாதி இந்துவின் தீட்டுக் கணக்கும் மிஷனரியின் சேவைக் கணக்கும் இந்த ஓரிடத்தில் ஒத்துப்போயின. தென்னிந்தியச் செவிலியர் வரலாற்றை மதம், சாதி, பால் என்ற மூன்றையும் வைத்துப் பார்த்து மீரா ஆபிரகாம் 1996இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். தமிழில் அந்த அளவுக்குக்கூட இல்லை. அதனால்தான் நான் என் அத்தையிடம் போய் உட்கார்ந்தேன்.

அத்தைக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. வட ஆர்க்காட்டுப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 1968இல் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு. அது சொன்னதை அப்படியே தருகிறேன்.

“எங்க நைனா பண்ணையில மாடு மேச்சாரு. போதகர் ஐயா வந்து பொண்ண நர்சுக்கு அனுப்புன்னாரு. நைனா இன்னா சொன்னாரு தெரியுமா? ‘நாங்கதான் ஊர்ச் செத்தத எடுக்குறோம், எம்பொண்ணும் அங்க போயி ஊரான் பீய எடுக்கணுமா’ன்னாரு. போதகர் ஐயா சொன்னாரு, ‘எடுக்கத்தான் எடுக்குது, மாசம் சம்பளம் வாங்கிக்கினு எடுக்கட்டும், காலுல செருப்பு போட்டுக்கினு எடுக்கட்டும்’னு. அதுக்கப்பறம் நைனா ஒண்ணும் பேசல. டிரெயினிங் மூணரை வருஷம். முடியறவரைக்கும் கல்யாணம் கூடாது. சாப்பாடு, துணி, கொஞ்சம் ஸ்டைபண்டு. மொத மாசம் ஸ்டைபண்ட வாங்கி நைனாவுக்கு ஒரு வேட்டி எடுத்தேன். அத அவரு ஊர்த்தெரு வழியா கட்டிக்கினு போவல, கண்ணு. கழட்டி கக்கத்துல இடுக்கிக்கினு போனாரு.”

ஹாஸ்டலில் சாதி இருந்ததா என்று கேட்டேன். அத்தை சிரித்தது.

“ஆண்டவர் சந்நிதியில யூதன் இல்ல கிரேக்கன் இல்ல. மெஸ்ஸுல இருந்துது. ஒரே டேபிள்தான். ஆனா யார் யாரு பக்கத்துல உக்காருவாங்கன்னு எழுதாத சட்டம் ஒண்ணு இருந்துது. தெக்கத்தி சைடு பொண்ணுங்க கேப்பாங்க, உங்க அப்பா இன்னா வேலை, எந்த சர்ச்சு, தாத்தா பேரு இன்னான்னு. சர்ச்சு பேரச் சொன்னாலே தெரிஞ்சிடும். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த வெள்ள கவுனப் போட்டு, கேப்ப மாட்டிக்கினு வார்டுல நின்னா, ரெட்டியாரு வீட்டுப் பொம்பள என்னப் பாத்து ‘சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடுங்க’ன்னு கேட்டுது. எங்கையால குடிச்சிது. எங்க ஊருல அவுங்க கெணத்துப் பக்கம் நாங்க போவ முடியாது. அந்த ஒரு டம்ளர் தண்ணிக்கோசரமே நான் அந்த வேலய உடல.”

இந்த ஒரு டம்ளர் தண்ணீரை நம் இடதுசாரித் தோழர்கள் ‘தனிநபர் மேனிலையாக்கம்’ என்று எழுதக்கூடும். எழுதட்டும்.

1946 முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டில் போர் கமிட்டி அறிக்கை வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் மொத்தம் 7,000 நர்சுகள்தான் இருக்கிறார்கள், அதாவது 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று அது கணக்குச் சொன்னது. டாக்டர் கணக்கு 6,300 பேருக்கு ஒருவர். நர்சைவிட டாக்டர் அதிகம் இருந்த விசித்திர நாடு இது. உலகப் போரோ பஞ்சமோ இதற்குக் காரணம் இல்லை. தீட்டுதான் காரணம். ஆனால் கமிட்டி அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டு, சம்பளம் குறைவு, தங்குமிடம் மோசம், சமூக அந்தஸ்து இல்லை என்ற பாஷையில் பேசியது. அதே 1946இல்தான் டெல்லியிலும் வேலூரிலும் பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. டெல்லிக் கல்லூரி டெல்லிப் பல்கலைக்கழகத்தோடு, வேலூர் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு. மறு ஆண்டு இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் வந்தது. 1959இல் டெல்லியில் எம்.எஸ்சி. வந்தது. தமிழ்நாட்டில் 1988 முதல் செவிலியர் கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. இன்று பிஎச்.டி. வரை போகலாம்.

பல்கலைக்கழகம் செவிலியர் வேலையை என்ன செய்தது என்பதை யோசித்துப் பார்க்கவேண்டும். ஆஸ்பத்திரி மதிலுக்குள் கையால் கற்ற தொழில், வகுப்பறையில் ஆங்கிலத்தில் கற்கும் ‘விஞ்ஞானம்’ ஆனது. உடற்கூறியல், நுண்ணுயிரியல், உளவியல், ஆராய்ச்சி முறைகள். நல்லதுதான். டாக்டருக்குக் கைகட்டி நின்றவள் கேள்வி கேட்கக் கற்றாள். ஆனால் பட்டம் மேலே ஏற ஏற, வேலையில் இருந்த ‘அசிங்கம்’ கீழே இறக்கப்பட்டது. என் அத்தை காலத்தில் மாணவி நர்சே பெட்பேன் வைத்தாள், எடுத்தாள், கழுவினாள். பிறகு அது வார்டு ஆயாவுக்குப் போனது. ஆயாவிடமிருந்து துப்புரவுத் தொழிலாளிக்குப் போனது. இப்போது அவரும் அரசு ஊழியர் இல்லை. ஒப்பந்தக் கம்பெனியின் ஆள். எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். துடைப்பம் பிடித்திருக்கும் அக்காவிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேளுங்கள். செவிலியர் படிப்பு தன் தீட்டைக் கழுவிக்கொண்ட தண்ணீர் எங்கே போய் விழுந்தது என்று தெரியும். நம் பெண்களே ஒரு தலைமுறை முன்னால் நர்சாகி, நம் பெண்களையே ‘ஏய் ஆயா’ என்று கூப்பிடுவதையும் நான் கேட்டிருக்கிறேன். அதையும் பதிவு செய்கிறேன்.

ஆஸ்பத்திரி மதிலுக்குள் உடுப்பு ஓரளவு காப்பாற்றும். கிராமத்தில் உடுப்பு காப்பாற்றாது. விழுப்புரம் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவைச் சந்தித்தேன். பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எண்பதுகளில் வேலைக்குச் சேர்ந்தவர். அன்றைக்கு வீட்டுப் பிரசவம்தான் அதிகம்.

“மொதல்ல சப்-சென்டருக்கு வீடு குடுக்கமாட்டாங்க. ஊருக்குள்ள எனக்கு வாடகைக்கு வீடு இல்ல. காலனியில இருந்தா ஊர்க்காரங்க வரமாட்டாங்க. நாலு மைல் சைக்கிள்ல போவேன். தடுப்பூசி போடப் போனா திண்ணையோட நிறுத்திடுவாங்க, புள்ளைய வெளிய தூக்கியாந்து காட்டுவாங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்துட்டா மட்டும் உள்ள கூப்பிடுவாங்க. அடுப்பங்கரை தாண்டி, சாமி ரூம் தாண்டி, உள்ளறைக்கே கூட்டிட்டுப் போவாங்க. புள்ள பொறந்ததும் வெந்நி வச்சுக் குடுத்து, கை கழுவிட்டு வந்தா, காப்பி தேங்காத்தொட்டியில வரும். ஒரு வீட்டுல நான் வேணாம்னுட்டேன். அந்தக் கெழவி கேக்குது, ‘ஏன், ஒங்க சாதியில காப்பி குடிக்க மாட்டீங்களா’ன்னு. காலைல வீட்டையே கழுவி உடுவாங்க. பிரசவத் தீட்டுக்கா எனக்கான்னு நான் கேக்கல.”

அவர் பணிக்காலத்தில் எடுத்த குழந்தைகளின் எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அரசாங்கப் பதிவேடு தனி, இது தனி. அந்த நோட்டில் சாதி எழுதவில்லை. தெரு மட்டும் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிச் சிரித்தார்.

இனி இடஒதுக்கீட்டுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான். 1928இல் நடைமுறைக்கு வந்த சென்னை மாகாண வகுப்புவாரி ஆணையில், பன்னிரண்டு அரசுப் பணியிடங்களில் ஒடுக்கப்பட்டோருக்கு ஒன்று, ஆங்கிலோ இந்தியர்-கிறித்தவர்களுக்கு இரண்டு என்று பங்கு பிரித்தார்கள். சேரியிலிருந்து மதம் மாறியவர் எந்தக் கணக்கில்? கிறித்தவர் கணக்கில். அங்கே ஆங்கிலோ இந்தியரோடும், தலைமுறை தலைமுறையாகப் படித்த உயர்சாதிக் கிறித்தவரோடும் போட்டி போடவேண்டும். 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வியில் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டில் முதல் சட்டத்திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்ந்தது. இந்த வெற்றியை நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். அதற்கு முந்தைய ஆண்டு, 1950இல், குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி ஒன்று வந்ததை அதே உற்சாகத்தோடு யாரும் பேசுவதில்லை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியார் ஆகமாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை இல்லை. சென்னையில் செருப்புத் தைத்த சூசை என்பவர், மதம் மாறியதால் தனக்குத் தொழில் உதவி மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985இல் தள்ளுபடி ஆனது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தை நீக்கச் சொன்னது. 2022இல் ஒன்றிய அரசு பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது.

தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். ஆக, எந்தச் சனம் இந்த வேலையை யாரும் சீண்டாத காலத்தில் செய்து, இந்தத் தொழிலுக்கு அஸ்திவாரம் போட்டதோ, அதன் பேத்திகள் இன்று பி.எஸ்சி. நர்சிங் அரசுக் கல்லூரி இடத்துக்கு, நிலமும் சங்கமும் சட்டமன்ற உறுப்பினரும் வைத்திருக்கிற சாதிகளோடு ஒரே வரிசையில் நிற்கவேண்டும். எங்கள் தெருவில் இரண்டு பெண்கள். ஒருத்தி என் சித்தப்பா மகள். சான்றிதழ் ‘இந்து ஆதிதிராவிடர்’. இன்னொருத்தி அத்தையின் பேத்தி. சான்றிதழ் ‘கிறித்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர்’. இருவரும் ஒரே ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்தவர்கள். பிளஸ் டூவில் பேத்திக்குத்தான் மார்க் அதிகம். அரசுக் கல்லூரி கிடைத்தது சித்தப்பா மகளுக்கு. பேத்திக்குச் சுயநிதிக் கல்லூரி. இருவரும் இன்றைக்கும் ஒரே பாயில் படுக்கிற அளவுக்குச் சிநேகம். சித்தப்பா மகளுக்கு இடம் கிடைத்ததில் எந்தத் தவறும் இல்லை. அது அவள் உரிமை. ஒரே தெருவை இரண்டு காகிதமாகக் கிழித்தவர்களைத்தான் நான் கேட்கிறேன்.

கட்டண விஷயத்தில் மட்டும் தமிழக அரசு ஓரளவு நியாயமாக நடந்தது. 2012இல் வந்த 92ஆம் எண் அரசாணை, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவரோடு மதம் மாறியவர்களுக்கும் சேர்த்து கட்டாயக் கட்டணத்தை அரசே தரும் என்றது. ஆணை இருக்கிறது. கல்லூரி என்ன சொல்லும்? “அரசு பணம் வரும்போது வரட்டும், முதலில் நீங்க கட்டுங்க, வந்ததும் திருப்பித் தருகிறோம்” என்று சொல்லும். அத்தை தன் பென்ஷன் பணத்தில் கட்டியது. புத்தகமெல்லாம் ஆங்கிலம். பள்ளிக்கூடத்தில் ‘சிறுநீரகம்’ என்று படித்த பெண் ‘நெஃப்ரான்’ என்று மனப்பாடம் செய்தாள். முதல் வருஷம் இரண்டு பேப்பரில் அரியர். கிளினிக்கல் போஸ்டிங்கில் நோயாளியிடம் எங்கள் வட்டாரப் பேச்சில் பேசியதற்கு, “சேரி பாஷை பேசாதே” என்று ஒரு டியூட்டர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அந்த நோயாளிக்கு அந்த பாஷைதான் புரிந்தது.

இந்த வேலைக்கு ஏன் இன்று இவ்வளவு போட்டி என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் சிரியன் கிறித்தவர்கள்கூட ஒரு காலத்தில் நர்ஸ் வேலையை மட்டமாகத்தான் பார்த்தார்கள். அறுபதுகளில் கத்தோலிக்கச் சபை வழியாகப் பெண்கள் ஜெர்மனிக்குப் போனார்கள், எழுபதுகளில் வளைகுடா திறந்தது. பணம் வந்தது, ஓட்டு வீடு மாடி வீடானது, நர்ஸ் பெண்ணுக்கு வரன் வரிசையில் நின்றது. தீட்டு டாலராக மாறும்போது சாதி அதற்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்துவிடும். இங்கேயும் அதுவே நடந்தது. ஏஜெண்டுக்குக் கொடுக்கப் பணமும், ஆங்கிலப் பரீட்சைக்குப் பயிற்சியும், அடகு வைக்க நிலமும் உள்ளவர்கள் விமானம் ஏறினார்கள். முதலில் வெள்ளை உடுப்புப் போட்ட சனம் உள்ளூர் நர்சிங் ஹோமில் நின்றது.

அந்த நர்சிங் ஹோம் சம்பளத்தைப் பற்றி உச்ச நீதிமன்றமே கவலைப்பட்டது. அதன் உத்தரவின்படி 2016இல் அமைந்த ஒன்றிய அரசின் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான சிறிய தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. அத்தையின் பேத்தி 2021இல் ஒரு தனியார் மருத்துவமனையில் 11,000 ரூபாய்க்குச் சேர்ந்தாள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் விலகினால் பணம் கட்டவேண்டும் என்று கையெழுத்து. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது என்று நான் சொன்னபோது, “அது செங்கல் சூளைக்குத்தான்க்கா” என்றாள்.

அரசாங்கமாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் பரீட்சை வைத்து, இனச்சுழற்சி பார்த்து, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கழிப்பறையைப் பூட்டினார்கள் என்று அங்கே இருந்த தோழி ஒருத்தி சொன்னாள். வளாகத்தில் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தபடி கோஷம் போட்டவர்களும் உண்டு. வேலைக்குத் திரும்புங்கள் என்றது உயர் நீதிமன்றம். பிறகு கொரோனா வந்தது. மறுபடி ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தார்கள். கைதட்டினார்கள், மலர் தூவினார்கள். பி.பி.இ. உடுப்புக்குள் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்ற அந்தப் பெண்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31உடன் வேலை முடிந்தது. போராடினார்கள். மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது. இதையும் ‘சேவை’ என்றுதான் பேப்பரில் எழுதினார்கள். கூலி கொடுக்க மனமில்லாத வேலைக்குச் சேவை என்று பெயர் வைப்பது நமக்குப் புதிதா என்ன.

நம் பத்திரிகைகளில் துப்புரவுத் தொழிலாளர் வரலாறு ஓரளவு பதிவாகிவிட்டது. தோல் பதனிடுவோர், விவசாயக் கூலிகள் பற்றியும் எழுதியிருக்கிறோம். நம் நர்சம்மாக்கள் பற்றி எழுதவில்லை. படித்து மேலே போனவர்கள்தானே என்று விட்டுவிட்டோம் போலிருக்கிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பயிற்சி முடித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் இதுவரை ஒன்பது பேரிடம் பேசி ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஓய்வு பெற்ற நர்சோ, கிராம சுகாதாரச் செவிலியரோ, ஆயாவோ இருந்தால் அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். பயிற்சிக் காலத்து குரூப் போட்டோ இருந்தால், யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள், எந்த ஊர், எந்தச் சபை என்று அவர்களிடமே கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், முன்பக்கம் ஊறிவிடும்.